சனிக்கிழமைக்குள் எழும்பாத கம்பியூட்டர்

சாய்ந்தமருது,
1997 ஓகஸ்ட், வியாழன்.

அன்பும் கண்ணியமும் நிறைந்த மஜீட் காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை றம்லா எழுதிக்கொள்வது. உம்மா, உங்கள் மச்சான் ஹிஷாம், பிள்ளை ஸுஹைறா, நான் ஆகிய நால்வரும் அல்லாஹ்வுடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். தோஹாவிலிருந்து நீங்கள் அனுப்பிய கம்பியூட்டர் மட்டும் சுகமில்லாமல் கிடக்கிறது. எழுதச் சுணங்கியதற்கு மன்னிக்கவும். பிள்ளை நித்திரையான பிறகுதான் எனக்குக் கை ஓய்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் ஓய்ந்துவிடுகிறது.

"ஒரு பட்டனை அமத்தினால் போதும் தங்கச்சி, மற்றதெல்லாம் அதுவே செய்யும்" என்று போனில் சொன்னீர்கள். பெரிய உபகாரம். அமத்தினேன். முதலில் கொஞ்ச நாள் செய்தது உண்மைதான். மூன்று தெருச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. போன திங்கட்கிழமையிலிருந்து கீ எண்டு ஒரு சத்தம், டொர் டொர் எண்டு ஒரு இழுப்பு, பிறகு கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தில இங்கிலீசில ஒரு வரி. டிஸ்க் சரியில்லையாம், மாத்திப் போட்டுட்டு ஏதாவது ஒரு கீயை அமத்தணுமாம். நான் இருக்கிற கீ எல்லாத்தையும் அமத்தினன். ஒவ்வொண்டுக்கும் அதே வரி. இதை வாசிக்கிறதுக்குத்தானா நான் கெம்பஸில அத்தனை வருஷம் படிச்சன்?

சனிக்கிழமை என்ட கம்பியூட்டர் கிளாஸ் தொடங்குது, மறந்துடாதீங்க. ஆறு குமர்ப்பிள்ளைகள்ற வாப்பாமாரை வீடு வீடாப் போய்க் கெஞ்சிச் சம்மதிக்க வச்சிரிக்கன். கல்முனை டவுனுக்குப் பஸ் ஏறிப்போய்ப் படிக்க விடமாட்டாங்களாம், றம்லாட வீட்டில எண்டா ஓமாம். அதுலயும் ஹாஜறா எண்ட பிள்ளைட வாப்பா, "அந்த மெஷின் உண்மையா வேலை செய்யுமா மகள், இல்லாட்டி ஷோகேஸுக்கு வாங்கினதா?" எண்டு கேட்டுட்டுத்தான் தலையை ஆட்டினார். ஆறு பேரும் வந்து இந்தக் கறுப்புத் திரையைப் பாத்துட்டுப் போனா, ரெண்டாந்தரம் ஒரு வாப்பாவும் ஓம் எண்ட மாட்டார். பிறகு எல்லாருக்கும் தையல் மெஷின்தான்.

உங்கட மச்சான் கணக்கு மாஸ்டர்தானே, எல்லாத்துக்கும் அவரிட்ட விடை இரிக்கி. "சூடாகிட்டு, ஆற விடுவம்" எண்டு வீட்டில இருந்த ஒரே மேசை ஃபேனையும் அதுக்குப் பக்கத்தில வச்சார். நானும் பிள்ளையும் வேர்த்து ஒழுக, கம்பியூட்டர் காத்து வாங்கிச்சு. அதுவும் சரிவராம, டீவி திருத்துற அதாவுல்லாவைக் கூட்டி வந்தார். அந்த மனிசன் கம்பியூட்டரைக் கண்ணால கண்டதில்ல. ஆனா அதை ஒத்துக்கொள்ற ஆளுமில்ல. முன்னுக்கும் பின்னுக்கும் தட்டிப் பாத்துட்டு, "தங்கச்சி, உங்கட டீவி அன்டனா வயர் இதுக்கு நேர் மேலால போகுது. அதுதான் இழுக்குது" எண்டார். "என்னத்தை இழுக்குது?" எண்டு கேட்டன். "அதைத்தானே பாக்கப் போறம்" எண்டார். மச்சான் கூரையில ஏறி அன்டனாவைத் திருப்ப, அதாவுல்லா கீழ நிண்டு "இன்னும் கொஞ்சம் கடல் பக்கம் மாஸ்டர்!" எண்டு கத்த, நான் ஸுஹைறாவை இடுப்பில வச்சுக்கொண்டு, பிள்ளை வயரைப் பிடிச்சிடுமோ எண்டு ஒரு கண்ணும் திரையில ஒரு கண்ணுமா "அதே எழுத்துத்தான்!" எண்டு கத்த, றோட்டில போனவங்க நிண்டு "யார்ற கிரிக்கெட் மெச்?" எண்டு கேக்கிறாங்க. கம்பியூட்டர் எழும்பல்ல. டீவியும் சேந்து படுத்துட்டு.

உம்மாவுக்கு மட்டும் ஒரு கவலையும் இல்ல. "என்ட மகன் அனுப்பின சாமான் பழுதாகாது" எண்டு சொல்லிட்டு வெத்திலை மெல்லுறா. நான் பெத்த பிள்ளையில கூட இவ்வளவு நம்பிக்கை வைக்க மாட்டா.

கடைசியா, கூட வந்த புத்தகத்தை நானே இருந்து வாசிச்சன். டிஸ்க் எண்டா உள்ளுக்கு இரிக்கிற ஹாட் டிஸ்க்தான். அது செத்துட்டு. தோஹாவில உங்களுக்கு ஆரோ நல்லாத் தலையில கட்டி இரிக்காங்க. இந்தச் சனிக்கு வந்து சேராது எண்டு தெரியும், எண்டாலும் ஊருக்கு வாற கூட்டாளி ஆரிட்டயாவது புது ஹாட் டிஸ்க் ஒண்டு உடனே குடுத்தனுப்புங்க. போன தரம் மாதிரி பேரீச்சம்பழம் வேணாம். பேரீச்சம்பழத்தால கம்பியூட்டர் எழும்பாது.

உங்கள் உடல் நலத்துக்கும் தொழில் பரக்கத்துக்கும், சாமான் வாங்கும்போது கண் திறந்திருக்கவும் அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
றம்லா

பி.கு: வெள்ளி காலை. கடிதத்தை ஒட்டப் போகக்குள்ள உம்மா வந்து, "காக்காவுக்கா? அவன் சொன்ன மாதிரியே வச்சிட்டன் எண்டும் எழுது" எண்டா. "எதை?" எண்டன். "இசுமைத்தான்."

கண்ணூறு படாம பள்ளி லெப்பையிட்ட ஓதி எழுதின இசும் கடதாசி ஒண்டு வாங்கி வைக்கச் சொல்லி உம்மாட்டப் போனில சொன்னது நீங்களாமே! லெப்பை சாமானுக்கு உள்ளுக்கு வைக்கச் சொல்லி இரிக்கார். நான் கம்பியூட்டர்ற வாய்க்குள்ள பிளொப்பி டிஸ்கைத் தள்ளுறதை உம்மா கண்டிருக்கா. அலுமாரியில இருந்த புதுப் பிளொப்பி ஒண்டில இசுமைப் பசை பூசி ஒட்டி, பிஸ்மி சொல்லித் திங்கட்கிழமை உள்ளுக்குத் தள்ளிட்டா. பிளொப்பி உள்ளுக்கு இருந்தா கம்பியூட்டர் முதல்ல அதைத்தான் வாசிக்கப் பாக்குமாம். ஒண்டும் இல்லாத பிளொப்பி எண்டா அந்த வெள்ளை எழுத்துத்தான். புத்தகத்தில அடுத்த பக்கத்தில இரிக்கி.

வெளிய எடுத்தன். பட்டனை அமத்தினன். எழும்பிட்டு.

ஆகவே மேலே எழுதின ஹாட் டிஸ்கை வெட்டி வாசிக்கவும். பேரீச்சம்பழம் அனுப்பலாம். உம்மாட கணக்கில இது இசுமுட வெற்றி. "இவ்வளவு நாளும் உள்ளுக்கு இருந்து எல்லாக் கண்ணையும் எடுத்துட்டு, பாத்தியா?" எண்டா. நாளைக்கு ஆறு பிள்ளைகள் வந்தா ஆறு வீட்டுக் கண்ணும் படுமாம். இன்னும் ஆறு எழுதி வாங்க இப்பதான் லெப்பையிட்டப் போறா. மிச்சப் பிளொப்பியை எல்லாம் நான் அரிசி வாளிக்குள்ள ஒளிச்சிட்டன். நீங்க இனி போன் எடுத்தா, உம்மாவோட சுகம் மட்டும் கதையுங்க.