ஓய்வுபெற்ற ஏவுகணையின் குழி

வரைபடத்தை மடித்தால் மடிப்பு விழுகிற இடத்தில் இரண்டு நாடுகள் இருந்தன. நடுவே ஓர் ஆறு. இந்தப் பக்கம் இக்கரை நாடு, அந்தப் பக்கம் அக்கரை நாடு.

இக்கரையில் ஏவுகணைகளை நிலத்தில் குழி வெட்டி நிறுத்துவது வழக்கம். குழிகள் எல்லாம் குடியானவர்களின் நிலத்திலேயே அமைந்தன. அரண்மனைத் தோட்டத்து மண் ஆகாது என்று நிபுணர்கள் சொல்லியிருந்தார்கள். பொன்னுருவி என்பவளின் நிலக்கடலை விளையும் காட்டில் ஒன்று நின்றது. சுற்றிலும் வேலி. ஏவுகணை போனதும் காடு திரும்பக் கிடைக்கும் என்பது அரசரின் வாக்கு. அதை நம்பி அவள் தினமும் விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

ஏவுகணைக்கு வயதாயிற்று. நாடுகளும் சமாதானமாயின. போர் அமைச்சர் தளவாயார் தமது பெயர்ப்பலகையைச் சமாதான அமைச்சர் என்று மாற்றி எழுதச் சொன்னார். ஏவுகணைக்குப் பொன்னாடை போர்த்தி ஓய்வு கொடுத்தார்கள். தலையிலிருந்த வெடியைக் கழற்றிவிட்டுச் செயற்கைக்கோளைப் பொருத்தி ராக்கெட் ஆக்கினார்கள். இனி இந்த நாட்டில் ஓய்வுபெற்ற ஏவுகணை மட்டுமே விண்ணுக்குப் போகலாம் என்று சட்டம் வந்தது. சபை கைதட்டியது. ராக்கெட் கிளம்பிய புகையில் ஊரின் கூரைகள் கருகின. அது சமாதானத்தின் புகை என்று அறிவிக்கப்பட்டது.

மறுநாள் பொன்னுருவி அமைச்சரைப் பார்க்கப் போனாள்.

“அய்யா, அது போயிருச்சு. வேலியப் பிரிச்சு விட்டீங்கன்னா விதைச்சுக்குவேன்.”

“பிரிப்பதா? அடுத்த ராக்கெட் எங்கே நிற்கும், அம்மா?”

“அடுத்தது எங்க இருக்கு?”

“இல்லை. இனிமேல்தான் ஏவுகணை செய்ய வேண்டும். அது உன் குழியில் நின்று பணியாற்றி, வயதாகி, ஓய்வு பெற வேண்டும். சட்டம் அப்படி.”

“பணின்னா? சண்டைதான் இல்லையே.”

“அதுதான் எங்கள் கவலையும்,” என்றார் தளவாயார்.

எதிரியாக இருக்கச் சம்மதம் கேட்டு அக்கரைக்குத் தூதர் போனார். அங்கேயும் அதே சட்டம், அதே கவலை. விருந்து வைத்து, இனிப்பு பரிமாறி, இரு நாடுகளும் பகைமை ஒப்பந்தத்தில் மிகுந்த நட்போடு கையெழுத்திட்டன. புது ஏவுகணை பழையதைவிடப் பருமன் என்பதால் வேலியைத் தள்ளிப் போட்டார்கள். பொன்னுருவியின் கிணறும் உள்ளே போயிற்று.

பகை உண்மைதானா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காகச் செயற்கைக்கோள் எடுத்த படத்தைச் சந்தைத் திடலில் வைத்தார்கள். அக்கரையில் ஒரு காடு, வேலி, நடுவே குழி. வேலிக்கு வெளியே சிறியதாக ஓர் உருவம்.

“எதிரி வீரன். இடுப்பில் வெடிகுண்டு,” என்று விளக்கினார் தளவாயார்.

பொன்னுருவி கிட்டே போய்ப் பார்த்தாள். “குண்டு இல்லீங்க, விதைக்கூடை. அவளும் தினம் வந்து நிப்பா போல.”

அவள் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அதே வாரம் அக்கரைச் சந்தையிலும் ஒரு படம் வைத்தார்கள். அதிலும் ஒரு காடு, வேலி, குழி. வேலிக்கு வெளியே, இடுப்பில் வெடிகுண்டோடு, எதிரி வீரன் ஒருவன் நின்றிருந்தான்.