உப்பிய டின்னும் நேர்த்திக்கடனும்

வாசகர்களே, நம்மிடையே ஓர் இனம் உண்டு. எதைக் காட்டினாலும் ‘ஒண்டும் செய்யாது’ என்று சொல்லும் இனம். கூரையை ஷெல் துளைத்திருந்தால் ‘காத்து வரும், ஒண்டும் செய்யாது’ என்பார்கள். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானால் ‘கொதிக்க வைச்சால் ஒண்டும் செய்யாது’ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலில் பிதற்றினால் அவர் மனைவியிடமும் இதையே சொல்லி, அவள் கொடுக்கும் தேநீரையும் குடித்துவிட்டுப் போவார்கள். கேட்பவர்களுக்கும் ஆறுதல்தான். பிறகு என்ன குறை?

எங்கள் சல்லிக் கிராமத்தில் இந்த இனத்தின் திலகம் வேலாப்போடியார், நிவாரணக் குழுத் தலைவர். யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை விழுந்திருந்த காலம். வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடக்க, ஊருக்கெல்லாம் மீன் கொடுத்த சனம் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் டின் மீனுக்கு வரிசையில் நின்றது. வந்த டின்களோ மூடியும் அடியும் வெளியே தள்ளி உப்பியிருந்தன. வரிசையில் நின்ற யோகமலரின் சின்ன மகன் முதல்நாள்தான் வயிற்றோட்டத்திலிருந்து எழும்பியிருந்தான்.

“அண்ணை, இது ஊதிக் கிடக்கு” என்று டின்னை நீட்டினாள் அவள்.

வேலாப்போடியார் டின்னை வாங்கித் தேங்காயைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “வெய்யிலுக்கு ஊதினது பிள்ளை. ஒண்டும் செய்யாது. புளியைக் கொஞ்சம் கூட விட்டுக் காய்ச்சு.”

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத ஊர் இது. டின்னுக்குச் செவுள் ஏது? தலைவரின் விரலை நம்பினார்கள்.

அப்போது சுகாதாரப் பரிசோதகர் தாஹிர் வந்து இறங்கினார். “ஊதின டின் நஞ்சு. உணவுச் சட்டப்படி எல்லா டின்னையும் எடுக்கிறன். புதைக்க வேணும்.”

“சனம் பட்டினி கிடக்குது. நீங்கள் சாப்பாட்டைப் புதைக்கப் போறியளோ?” என்றார் தலைவர்.

வரிசை முணுமுணுத்தது. யோகமலர் மகனைப் பார்த்தாள். டின்னை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி தலைவர், இதிலை ஒண்டைக் கறி வைப்பம். முதல்ல நீங்கள் சாப்பிடுங்கோ. நாளைக்கு நீங்கள் எழும்பி நடந்தால் டின்னை விட்டிட்டுப் போறன்” என்றார் தாஹிர்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமையல்லோ. நான் மச்சமாமிசம் தொடுறேல்லை.”

“அப்ப நாளைக்கு வாறன்.”

“நாளைக்கும் ஏலாது. அம்மனுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்.”

“எப்ப அண்ணை வைச்சனீங்கள்?” என்று கேட்டாள் யோகமலர்.

தலைவர் கடலைப் பார்த்தார்.

அவள் போய்த் தன் டின்னைத் தாஹிரின் சாக்குக்குள் போட்டாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் போட்டார்கள். அன்று அவள் பிள்ளைகள் வெறுஞ்சோற்றில் உப்பைப் பிசைந்து தின்றார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நீங்கள் அப்படியானவர் இல்லைத்தான். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். பயந்துபோய் உங்களிடம் வந்த ஒருவருக்குக் கடைசியாக ‘ஒண்டும் செய்யாது’ என்று தைரியம் சொல்லி அனுப்பினீர்களே, அன்று உங்கள் வீட்டில் என்ன கறி?