ஒரு சொட்டுத் தளும்பாமல் போய்ச் சேர்ந்த புரதம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் மகளும் சுகம். இரவல் வாங்கிய உங்கள் காரும் ஏறக்குறைய சுகம். இடது பக்கக் கண்ணாடி மட்டும் ஒரு வேலியோடு தங்கிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வெற்றிச் செய்தி.

"உன் மகள் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கிறாளாமே" என்று போன முறை சிரித்தீர்களே, அந்தக் கிருமிதான் பதினொரு மாதமாக மனிதப் புரதம் செய்து கொடுத்திருக்கிறது. நடுக்கமும் மறதியும் வருகிறவர்களின் மூளையில் கட்டிகட்டியாகச் சேர்கிற அதே புரதம். அதை வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சூடு படக் கூடாது, உறையக் கூடாது, முக்கியமாகக் குலுங்கவே கூடாது. குலுங்கினால் வழியிலேயே கட்டி தட்டிவிடுமாம். கூரியரில் போன இரண்டு பெட்டிகளும் அப்படித்தான் பாழாயின. மிச்சம் இருந்தது ஒரே பெட்டி. மாலை நாலு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் மறுபடி பதினொரு மாதம். பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன் நான், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "குடு, நான் கொண்டு போறேன்" என்றேன்.

மகளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை, நாங்கள் இருவரும் காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். ஐஸ் பெட்டி முன் சீட்டில், பெல்ட்டோடு. உங்கள் தங்கை பின் சீட்டில், பெல்ட்டோடும் முணுமுணுப்போடும். டாஷ்போர்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளர் ஒன்றை ஒட்டி வைத்தேன். அது தளும்பாவிட்டால் பெட்டியும் குலுங்கவில்லை என்று கணக்கு. பதினைந்து கிலோமீட்டர் வேகம்தான். பின்னால் வந்த ஹாரன் சத்தத்தில் என் காது இன்னும் அடைத்திருக்கிறது. சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். ஒரு சவ ஊர்தி முந்தியது, உள்ளே படுத்திருந்தவருக்கு அப்படி என்ன அவசரமோ. "நடந்து போயிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போம்" என்றாள் உங்கள் தங்கை. அப்புறம் ஒரு வேகத்தடை வந்தது, ஒட்டகத்தின் முதுகு தோற்றது போங்கள். அதில் ஏறாமல் வண்டியை ஓரமாக இறக்கினேன் பாருங்கள், அங்கேதான் அந்த வேலி. கண்ணாடி போயிற்று, டம்ளர் அசையவில்லை.

அடுத்த முக்கில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"பெட்டிக்குள்ள என்ன?"

"மனுஷப் புரதம் சார்."

அவர் ஓர் அடி பின்னால் போனார். "எந்த மனுஷனோடது?"

"யாரோடதும் இல்ல சார். கிருமி செஞ்சது."

இன்னும் இரண்டு அடி பின்னால் போனார். பயந்துபோய் மகளுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "சார், இந்தப் புரதத்தச் செய்யறதுக்கு நம்ம உடம்புல ஒரு குறிப்பு இருக்கு. அத எடுத்து நுண்ணுயிருக்குள்ள வச்சா, அது நமக்காகச் செஞ்சு தரும். கை நடுக்கம் ஏன் வருது, எப்படி நிறுத்தறதுன்னு பாக்கத்தான்."

"எங்கப்பாவால டம்ளரப் புடிக்க முடியாதும்மா. நான்தான் புடிச்சுக் குடிக்க வைக்கறேன்" என்றார் போலீஸ்காரர். பிறகு போனைத் திருப்பித் தந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி, "என் பின்னால வாங்க" என்று முன்னால் போனார். அதே பதினைந்து கிலோமீட்டரில்! விளக்கு சுழல, சாலையே ஒதுங்க, ராஜா மாதிரி போனேன். முந்தின சைக்கிள்காரர்கள் எல்லாம் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

மூன்று ஐம்பதுக்கு வாசலில் நிறுத்தினேன். ஆய்வாளர் அம்மா ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்தார். "ஒரு கட்டிகூட இல்ல ஐயா! இவ்வளவு தெளிவா எங்களுக்கு வந்ததே இல்ல" என்றார். அங்கிருந்தவர்கள் கை தட்டினார்கள். மகள் போனில் மறுபடி அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில். என்னை ஆமை என்று வாய்க்கு வாய் சொல்வீர்களே, இனிமேல் தாராளமாகச் சொல்லுங்கள், பட்டமாக வைத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. கார் ஞாயிற்றுக்கிழமை வந்து சேரும், மெதுவாக.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், பெட்டி பத்திரமா என்று அந்த அம்மாவிடம் போனில் விசாரித்தேன். "ஆட்டற மெஷின்ல போட்டாச்சு ஐயா. உடம்புச் சூட்டுல, நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து, ஏழு நாள். அப்பத்தான் நல்லாக் கட்டி கட்டும்" என்றார். கட்டி வேண்டும் என்றுதான் வாங்கினார்களாம்! மகளிடம் போய்க் கத்தினேன். "சுத்தமா ஆரம்பிச்சாத்தான்பா கட்டி எப்படி வருதுன்னு பாக்க முடியும்" என்கிறாள். எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் தங்கையோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அடுத்த பெட்டியோடு உங்களை உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்ல வேண்டுமாம். அண்ணன் ஓட்டினால் மெஷினும் வேண்டாம், ஏழு நாளும் வேண்டாமாம்.