கண்ணாடி முதுகுக் கடிகாரம்

பூதலூர் பக்கம் எங்கள் வாய்க்காலில் இந்தக் குறுவைக்குத் தண்ணீர் போதவில்லை. அதனால் முறை வைத்தார்கள். காலை பதினோரு மணி வரை குணசேகரன் வயலுக்கு, அதன் பிறகு அம்சத்தின் வயலுக்கு. மணி என்றால் கைக்கடிகார மணி. செல்போன் மணி செல்லாது. முறை பற்றிய அரசுச் சுற்றறிக்கையில் செல்போனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சுற்றறிக்கை செல்போனுக்கு மூத்தது.

அன்று அம்சம் மண்வெட்டியோடு மடைக்கு வந்தபோது அவர் கடிகாரத்தில் பதினொன்று. மடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குணசேகரன் கடிகாரத்தில் பத்து இருபது.

"அண்ணே, உங்களுது நின்னுபோச்சு."

"இது ஆட்டோமேட்டிக்மா. மகன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பினது. கையை ஆட்டினா ஓடும்."

"அப்ப ஆட்டுங்க."

"அவசரம் உனக்குத்தானே."

விவகாரம் நீர்ப்பங்கீட்டு அலுவலர் பிரகதீஸ்வரியிடம் போனது. ஜீப்பில் வந்தவர், ஒரு துண்டை விரித்து இரண்டு கடிகாரங்களையும் அருகருகே வைத்து ஒப்பாய்வு மேற்கொண்டார். அம்சத்தினுடையது சந்தையில் சல்லிசாக வாங்கியது. துணிப்பட்டை, கறுப்பு முகம், கொட்டை கொட்டையாக எண்கள். சேற்றில் விழுந்தாலும் ஓடும். குணசேகரனுடையது தோல்பட்டை, பொன்னிற விளிம்பு. முதுகுப்பக்கம் கண்ணாடி, அதன் வழியே உள்ளே இருக்கிற சக்கரமெல்லாம் தெரிந்தது.

அலுவலருக்கு அதைக் கீழே வைக்க மனமில்லை. "உள்ள நடக்குறதெல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கு. இதுக்குப் பேர்தான் வெளிப்படைத்தன்மை. உங்களுது மூடியிருக்கும்மா. உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"இதுல எதுவும் நடக்கலைங்கறதும் தெரியுதுங்களே" என்றார் அம்சம்.

"தெரியுதுல்ல? அதைத்தான் நானும் சொல்றேன்."

ஆணை பிறந்தது. மறு உத்தரவு வரும்வரை குணசேகரனின் கைக்கடிகாரம் காட்டுவதே இவ்வாய்க்காலின் அதிகாரபூர்வ நேரம்.

குணசேகரன் அன்று முழுக்கக் கையை அசைக்கவில்லை. சோறுகூட ஸ்பூனில் இன்னொரு கையால் சாப்பிட்டார். தண்ணீர் அவர் வயலிலேயே பாய்ந்தது. அம்சத்தின் நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கியது. வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

மறுநாள் குணசேகரனின் நாற்று மூழ்கிவிட்டது. நுனிகூடத் தெரியவில்லை. கடிகாரத்தில் பத்து இருபத்திரண்டு. தூக்கத்தில் புரண்டு படுத்ததில் ஓடியது அவ்வளவுதான். அலறியடித்துக்கொண்டு அலுவலகம் போனார்.

"மேடம், மடையை அடைக்கச் சொல்லுங்க. நாத்து அழுகுது."

"பதினொன்னு ஆகலையே. உங்க முறையை நடுவுல நிறுத்தினா தணிக்கையில கேப்பாங்க."

"முள்ளைத் திருப்பி வச்சுக்கறேன்."

"அது அதிகாரபூர்வ நேரம். திருத்தினா குற்றம். கையை ஆட்டுங்க, அதுக்குத் தடை இல்லை."

மடையில் நின்று ஆட்டினார். கை ஓய்ந்துபோனபோது அம்சம் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். ஒருவழியாகப் பதினொன்று ஆயிற்று. அம்சத்தின் நாற்றில் பாதி பிழைத்தது. குணசேகரனுக்கு அதுவும் இல்லை.

ஊர் கொதித்தது. ஆணையை ரத்து செய்யச் சொல்லி அலுவலகத்தை முற்றுகையிட்டோம். அலுவலர் பெருந்தன்மையானவர். இனி யாருடைய கடிகாரம் என்பதை ஊரே முடிவு செய்யட்டும் என்று, அடுத்த வாரம் காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டார்.

எல்லோரும் போனோம். எல்லோர் கையிலும் கண்ணாடி முதுகு வைத்த ஆட்டோமேட்டிக். தஞ்சாவூர்க் கடைகளில் சரக்கே இல்லை என்று பேச்சு. அம்சத்தின் கையிலும் ஒன்று மின்னியது.

"உன் பழசு நல்லாத்தானே ஓடிச்சு?" என்று கேட்டார் குணசேகரன்.

"ஓடிச்சுண்ணே. செல்லலையே."

நாங்கள் நீட்டிய கடிகாரங்களை அலுவலர் ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். "யாருக்கும் இன்னும் பத்து ஆகலை. ஆனதும் ஆரம்பிக்கலாம்" என்றார்.

அதிகாரி முன்னால் கையை ஆட்டுவது மரியாதை இல்லை. மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.