செஞ்சிறகனின் டைனமோ

"சைக்கிள் எங்கை?" என்று வாகீசன் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினான். எறிந்த ரிமோட் சுவரில் பட்டு, பற்றரி கழன்று, கதிரைக்குக் கீழே உருண்டது.

முப்பது வருடங்களுக்குப் பிறகு 'செஞ்சிறகன்' தொடரைப் புதிதாக எடுத்து, வாரம் ஒரு பாகமாக மறுபடி போடுகிறார்கள். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இருந்தபடி வாகீசன் ஆறு கிழமையாக அதைப் புகழ்ந்து தள்ளினான். முகமூடி அப்படியே இருக்கிறதாம், இறக்கை அடிக்கும் சத்தம்கூட மாறவில்லையாம். ஏழாம் கிழமைதான் வந்தது வினை. வில்லன் செஞ்சிறகனின் இறக்கையை முறித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. பழைய தொடரில் இந்த இடத்தில் செஞ்சிறகன் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோவால் ஆஸ்பத்திரி முழுவதற்கும் வெளிச்சம் கொடுப்பான். புதியவனோ இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு பற்றரியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

"இஞ்சாருங்கோ, அந்தச் சைக்கிள்..." என்று தொடங்கினாள் மனைவி கஜந்தினி.

"உமக்கு உது விளங்காது. கதையாமல் இரும்."

அவளுக்கு விளங்காது என்று அவன் எந்த வாயால் சொன்னானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். யுத்தத்தால் ஊரில் மின்சாரமே இல்லாத அந்த நாட்களில், அவர்கள் வளர்ந்த ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஜெனரேற்றர் இருந்தது அவளுடைய வீட்டில் மட்டும்தான். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கொண்டுபோய், அங்கேதான் செஞ்சிறகன் பார்ப்பார்கள்.

வாகீசன் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தான். பழைய தொடரிலும் சைக்கிள் கிடையாது என்று ஒரு பெண் பணிவாகச் சொன்னாள். அந்தப் பணிவில் அவனுக்கு இன்னும் கோபம் ஏறியது. ரசிகர்களின் முகநூல் குழுவில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினான். பறக்கிறவனுக்கு எதற்குச் சைக்கிள் என்று கேட்டார்கள். விடிவதற்குள் அவன் பெயர் 'டைனமோ அண்ணை' ஆகிவிட்டது.

சும்மா விடுவானா? ஒழுங்கைக் கூட்டாளி டினேசையும் அங்கே கூடப் பார்த்த இன்னும் நாலு பேரையும் பிடித்து, சைக்கிளைக் கண்ணால் கண்டதாக வீடியோவில் சத்தியம் பண்ண வைத்தான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. செஞ்சிறகனின் நெற்றியில் வழிந்த வியர்வை வரை ஒரே மாதிரிச் சொன்னார்கள். அதைப் பார்த்த நிலையம், எல்லாரும் பார்த்துத் தெளியட்டும் என்று பழைய தொடர் முழுவதையும் இணையத்தில் ஏற்றிவிட்டது.

வாகீசன் லீவு போட்டான். ஐந்து சாட்சிகளையும் கூப்பிட்டுத் தன் வீட்டு ஹோலில் இருத்தினான். இறக்கை முறிந்தது. ஆஸ்பத்திரி இருண்டது. பழைய செஞ்சிறகனும் இடுப்புப் பட்டியிலிருந்து பற்றரியை எடுத்தான்.

சாட்சிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வெட்டிப்போட்டாங்கள்," என்றான் வாகீசன். கோபத்தில் பாதி அழுகையாக இருந்தது. "வழக்குப் போடுறன். செல் குண்டு விழுந்த நாளிலை அந்தச் சைக்கிளை நினைச்சுத்தான் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டனான். அதை வெட்ட உவங்கள் ஆர்?"

கஜந்தினி தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். இந்த முறை அவள் வாகீசனிடம் பேசவில்லை; டினேசைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு எங்கடை ஜெனரேற்றர் எவ்வளவு நேரம் ஓடினது?"

"அரை மணித்தியாலம்," என்றான் டினேஸ்.

"படம் ஒரு மணித்தியாலம்," என்றாள் அவள். "ஜெனரேற்றர் நிண்ட பிறகு நீங்கள் எல்லாரும் அழாமல் இருக்க, மிச்சக் கதையை இருட்டிலை நான்தான் சொன்னனான்."