மீசையும் சேர்த்து விற்றாயிற்று

வயதில் இளையவனும் புத்தியில் மூத்தவனுமான வக்கீல் மச்சானுக்கு, உன் அக்காள் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்காள் சுகம், பிள்ளைகள் சுகம். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

'மீசைக்காரர் உணவக'த்தை விற்கப்போகிறேன் என்றதும் நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். "அத்தான், கடையை வித்தாலும் பேரையும் பலகையில இருக்கற உங்க மீசைப் படத்தையும் விக்காதீங்க. வர்த்தகச் சின்னம் உங்ககிட்டயே இருக்கட்டும், அதைத் தனியா எழுதி வாங்குங்க" என்றாய். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். கையெழுத்துப் போடும்போது வாங்குகிறவர், "ஐயா, பேரும் படமும் சேர்த்துத்தானே?" என்று பணிவாகக் கேட்டார். யாராவது ஐயா என்றுவிட்டால் எனக்குக் கால் தரையில் பாவாதே. "மீசையையும் எடுத்துக்குங்க" என்று சிரித்து, அதை முறுக்கியும் காட்டினேன். அவருடைய வக்கீல் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

வீட்டில் சும்மா உட்கார முடியாமல், இருந்த பணத்தையெல்லாம் போட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை பிடித்தேன். இது படுத்தால் குடும்பமே படுத்துவிடும். பெயர்ப்பலகையில் பெயிண்டர் என் முகத்தை வரைந்து, மீசையில் பாதி முடிப்பதற்குள் அந்த வக்கீல் வந்து நின்றார். "இந்தப் படத்தை நீங்க போடக்கூடாதுங்க." "இது என் மூஞ்சிங்க" என்றேன். "மூஞ்சி உங்களுதுதான். வியாபாரத்துல அது எங்களுது" என்றார். பெயிண்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பாதி மீசைக்குக் கூலி யார் குடுப்பா?" என்று கேட்டார்.

அப்புறம் கல்லாவில் உட்காரவே பயம். வாயை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டேன்; ஏதோ வியாதி என்று வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். "கடையை வித்தவங்களைப் பார்த்திருக்கேன், மூஞ்சியை வித்துட்டு வந்தவரை இப்பத்தான் பார்க்கறேன்" என்று உன் அக்காளே சவரக்கத்தியை எடுத்து நீட்டினாள். நேற்று வழித்துவிட்டேன். கண்ணாடியில் என் சித்தப்பா தெரிந்தார். அவரை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. அழுதுவிட்டேன் மச்சான். எப்படியாவது வழக்குப் போட்டு என் பேரை மீட்டுக்கொடு.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைக்கு ஆசீர்வாதம். இனி உன் பேச்சைத் தட்டாத,
அத்தான்.

பின்குறிப்பு: வழக்கு வேண்டாம். மீசை சீக்கிரம் வளர ஏதாவது எண்ணெய் இருந்தால் மட்டும் அனுப்பு. உறையை ஒட்டும் நேரத்தில் கடையை வாங்கியவரே இங்கே வந்தார். "படம் இருக்கு, ஆளு எங்கே?" என்று கேட்டுவிட்டு அங்கே வாடிக்கையாளர்கள் எழுந்து போய்விடுகிறார்களாம். "அவர் காலையில வந்து கல்லாவுல உட்கார்ந்தா போதும், பேரையும் படத்தையும் திருப்பி எழுதிக் குடுத்துடறேன். நீங்க அவருக்குச் சித்தப்பா மாதிரி தெரியுது, நீங்கதான் அவர்கிட்ட எடுத்துச் சொல்லணும்" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். மீசைக்காரர் வெளியூர் போயிருக்கிறார், திரும்பி வர ஒரு மாதமாகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.