யார் தயவும் இல்லாமல் ஒட்டிய பிலிம்

இந்தச் சனிக்கிழமை யார் தயவும் இல்லாமல் பிலிமை ஒட்டியே தீருவது என்று ஹார்லன் முடிவு செய்தான். முடிவு செய்தானே தவிர, ஒட்டி முடிக்கும் எண்ணம் அவனுக்குத் துளியும் கிடையாது.

விஷயம் இதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு கார் வாங்கினான். செர்ரிப் பழச் சிவப்பு. ஏரிக்கரையில் மனைவி மார்லிஸின் தங்கை வெர்னா வீடு. போகிற ரோடு முழுக்கச் சரளைக்கல். மார்லிஸ் சாவியைக் கேட்டாள். ஹார்லன் மார்பைப் பிடித்துக்கொண்டான்.

"முன்னால போற டிராக்டர் ஒரு கல்லத் தெறிக்கவிட்டா பெயிண்ட் போச்சு! பெயிண்டைக் காப்பாத்தக் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் விக்கிது. அத வண்டி மேல ஒட்டற வரைக்கும் நீ சரளை ரோட்டுப் பக்கம் போகக்கூடாது."

பிலிம் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. பனிக்காலத்தில் பசை பிடிக்காது என்றான். பனி உருகியதும் ஈரம் என்றான். ஈரம் போனதும் கொசு என்றான். அவர்கள் வாழும் மினசோட்டாவில் கொசு என்று சொல்லிவிட்டால் எவரும் மறுத்துப் பேச முடியாது. மார்லிஸ் பேசினாள்.

"டவுன்ல கடையில குடுத்தா ஒரே நாள்ல ஒட்டித் தந்துடுவாங்க."

"ஊரான் கையா? என் வண்டி மேலயா? நானே ஒட்டறேன்."

"எப்ப?"

"சனிக்கிழமை ஆரம்பிக்கறேன்."

"ஆரம்பிக்கறதப் பத்தி யாரு கேட்டா?"

அவன் திட்டம் வேறு. இந்த மாதம் பின்னால் வருவதைக் காட்டும் இடது கண்ணாடியின் மூடி மட்டும். அடுத்த மாதம் வலது. அப்புறம் கதவு விளிம்பு. அதற்குள் மறுபடி பனி விழுந்துவிடும். சாவி அவன் பையிலேயே இருக்கும்.

கெடுத்தது பக்கத்து வீட்டு எல்மர். சனிக்கிழமை காலையில் ஒரு மடக்கு நாற்காலியைத் தன் புல்தரையில் போட்டு, ஹார்லனின் கராஜைப் பார்த்து உட்கார்ந்தான்.

"என்ன ஹார்லன், அத்தனை பெரிய பெட்டி. தொட்டது மட்டும் குட்டிக் கண்ணாடியா?"

"கை பழகிக்கறேன்."

"அதுவும் சரிதான். பானட்டெல்லாம் ரெண்டு பேர் வேலை. நம்ம வயசுக்கு ஆகாது."

நம்ம வயசு. எல்மருக்கு எண்பது. ஹார்லன் கண்ணாடியை விட்டுவிட்டு பானட் பிலிமைக் கையில் எடுத்தான்.

பானட்டைக் கழுவினான். குழந்தைக்குப் போடும் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் பாட்டிலில் ஊற்றினான். அந்தத் தண்ணீர் இருந்தால்தான் பிலிம் வழுக்கிக்கொண்டு உட்காரும். பின்தாளை உரிக்க உரிக்கத் தெளித்துக்கொண்டே வர வேண்டும். பிலிமைப் பிடிக்க இரண்டு கை, தெளிக்க ஒரு கை. கூட்டிப் பார்த்திருந்தால் இடித்திருக்கும். கூட்டிப் பார்க்கவில்லை. எல்மர் பார்க்கிறானே என்ற வேகத்தில் தாளை ஒரே இழுப்பில் உரித்துவிட்டான்.

இப்போது கட்டில் விரிப்பு அளவுக்கு ஒரு பிலிம். இரண்டு மூலையும் இரண்டு கையில். பசைப் பக்கம் அவனைப் பார்த்தபடி. கீழே தொங்கும் பாகம் ஆடி ஆடி அவன் வயிற்றைத் தேடியது. கைகளைக் கிட்டே கொண்டுவந்தால் பிலிம் பிலிமோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு குப்பைத் தொட்டிக்குத்தான் லாயக்கு. பாட்டில் காரின் கூரைமேல் நின்றது. போதாக்குறைக்கு, எல்மர் கண்ணாரக் காணட்டும் என்று கராஜ் கதவை அகலத் திறந்து வைத்திருந்தான். வெளியே ஜூன் மாதக் காற்று. தெருவோரப் பஞ்சு மரங்கள் பஞ்சைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தன.

மார்லிஸ் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"ஒரு கை பிடிக்கட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்."

அது ஊர் வழக்கம். அங்கே எதையும் முதல் தடவையே ஒப்புக்கொள்கிறவன் நாகரிகம் தெரியாதவன். கேக் ஆனாலும் சரி, தீயணைக்கிற வண்டி ஆனாலும் சரி. முதலில் வேண்டாம். இரண்டாவதும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால், "நீ இவ்வளவு தூரம் சொல்றதால..." என்று இழுக்கலாம்.

"நிஜமாவா? நான் சும்மாதான இருக்கேன்."

"அட, எனக்கென்ன. நீ போய் உன் வேலையப் பாரு."

சொல்லிவிட்டு மூன்றாவதற்குக் காத்திருந்தான்.

"சரி," என்றாள் மார்லிஸ். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். காப்பியை ஊதினாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இரண்டோடு நிறுத்தியதே இல்லை.

"மார்லிஸ்."

"ம்?"

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி."

"ஆமா, சுகமா இருக்கு."

"ரெண்டு கை போதாத வேலை இது."

"நீ சமாளிப்பே."

"நீ ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

"கேட்டேன். வேண்டாம்னுட்ட. ரெண்டு வாட்டி."

"இன்னொரு வாட்டி கேட்டாத்தான் என்ன?"

"ஐயோ, தொல்லை பண்றேன்னு நினைச்சுக்குவியே."

ஒரு பஞ்சு மிதந்து உள்ளே வந்தது. நேராகப் பிலிமை நோக்கி. ஹார்லன் ஊதினான். விலகிப் போனது. பின்னாலேயே அதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். ஊதி ஊதி அவன் முகம் கார் நிறத்துக்கு வந்துவிட்டது.

"மார்லிஸ்! உதவி பண்ணு!"

அந்தத் தெருவில் ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. எல்மர் நாற்காலியிலிருந்து எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

மார்லிஸ் அசையவில்லை. "பண்ணலாம். வெர்னா வீட்டுக்கு வண்டிய யாரு ஓட்டறது?"

"போகும்போது நீ."

"வரும்போது?"

இன்னொரு பஞ்சு. மூக்குக்கு நேரே.

"நீதான்! அதுக்கப்புறமும் நீதான்! கதவ மூடு தாயே!"

கதவு இறங்கியது. மார்லிஸ் பாட்டிலை எடுத்தாள். பிலிம்மேல் தெளித்தாள். பானட்மேல் தெளித்தாள். ஒட்டிக்கொண்டிருந்த அவன் விரல்கள்மேலும் தெளித்தாள்.

"இப்ப விரல விடு. பதறாத. நான் இந்த முனையப் பிடிச்சிருக்கேன்ல."

இரண்டு பேருமாகப் பிலிமைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டார்கள். ஹார்லன் ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினான்.

"இன்னும் அழுத்து."

"அழுத்திக்கிட்டுத்தான இருக்கேன்."

"என் மேல இருக்கற கோவத்த நினைச்சுக்கிட்டு அழுத்து."

பிரமாதமாக வந்தது. கடைசிக் குமிழும் ஓரம் வழியே ஓடியதும் பிலிம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. சிவப்புக்குள் இரண்டு முகங்கள் தெரிந்தன. மார்லிஸின் தலைமுடியில் பஞ்சு. பிலிமுக்குப் போக வேண்டியதையெல்லாம் அவள் தலை வாங்கியிருந்தது. தனியாக இருந்திருந்தால் இந்நேரம் ஹார்லனைப் பிலிமிலிருந்து உரித்துக்கொண்டிருப்பார்கள்.

"பரவாயில்ல, நல்லா வந்திருக்கு," என்றான். அந்த ஊரில் அது காதல் கடிதம்.

"அடுத்தது பம்பர்," என்றாள் அவள்.

சாயங்காலத்துக்குள் வண்டி முழுக்க ஒட்டியாயிற்று. பனி விழும்வரை வருமென்று அவன் சேர்த்து வைத்திருந்த சாக்கெல்லாம் ஒரே பகலில் காலி. கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை.

பிலிம் நன்றாகக் காய்ந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்னா வீட்டுக்குக் கிளம்பினார்கள். மார்லிஸ் ஓட்டினாள். பறந்தாள் என்று சொல்ல வேண்டும். சரளைக்கல் டொக் டொக்கென்று பானட்டில் விழுந்தது. ஒவ்வொரு டொக்குக்கும் ஹார்லன் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்தான். போய்ச் சேர்ந்ததும் கார் முன்னால் மண்டியிட்டான். கைக்குட்டையால் துடைத்தான். மூக்கு உரசப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

வெர்னா, உருளைக்கிழங்கு வில்லை அடுக்கி அடுப்பில் சுட்ட இறைச்சித் தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சாப்பாட்டு ஜெபத்தை நானே சொல்கிறேன் என்றான் ஹார்லன். யாரும் சொல்லாமல் அவன் ஜெபம் சொல்ல வந்தது அன்றுதான்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. ஒரு கீறல் இல்லாம எங்கள இங்க கொண்டுவந்து சேர்த்ததுக்கு நன்றி. அந்தப் பிலிமுக்கு நன்றி. அத என்னோட பிடிச்சு ஒட்டின கைக்கு..." குரல் கரகரத்தது. "அந்தக் கைக்கு ரொம்ப ரொம்ப நன்றி. ஆமென்."

மார்லிஸ் மேஜைக்கு அடியில் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை.

வெர்னா தட்டில் பரிமாறிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"வண்டி என்னமா மின்னுது ஹார்லன்! நீ எல்மர் வண்டியில சீட்டாடப் போற செவ்வாய்க்கிழமையெல்லாம் இவ மாத்துச் சாவியப் போட்டு எடுத்துக்கிட்டு வருவாளே, அப்ப இவ்வளவு மின்னாது."

ஹார்லனின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. மார்லிஸ் பக்கம் திரும்பினான்.

அவள் நிதானமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.

"அப்பல்லாம் பிலிம் கிடையாதே, ராசா. மெதுவாத்தான் ஓட்டுவேன்."